சூளைத் தீயில் ஒன்பது லிட்டர் தண்ணீர்

இரவு 2 மணி 40 நிமிடம். பானை சுடும் சூளையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரில் 1,180 டிகிரி. மூன்று மணி நேரமாக அதே எண். விறகு போட்டால் 1,172க்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் 1,184 வரை போய் ஆசை காட்டும், மறுபடி 1,180க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு வேண்டியது 1,280. பத்தாம் நம்பர் கோன், அதாவது வேண்டிய சூடு ஏறியதும் தலை சாய்க்கும் சின்னக் கூம்பு, வளைய வேண்டும். அந்த நேரத்தில் நான் செய்த ஒரு காரியத்தால் இரண்டரை மாத உழைப்பில் கிட்டத்தட்டப் பாதி போனது. ஒரு மொத்த ஆர்டரும் போனது, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வலது மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் யோசித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் சூளை சிறியது. உள்ளறை ஏறக்குறைய ஒரு கன மீட்டர், முழுக்க விறகுத் தீ. அதற்கு முன் ஐந்து முறை சூளை வைத்திருக்கிறேன். ஐந்து முறையும் கூட யாராவது இருந்தார்கள். ஆறாவது முறை, வருவதாகச் சொன்னவருக்குக் காய்ச்சல். தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் 140 உருப்படிகள் கிளேஸ் (உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) பூசி உள்ளே அடுக்கியாகிவிட்டது, ஆர்டர் தேதியும் நெருங்கிவிட்டது. தனியாகவே பார்த்துவிடலாம் என்று அதிகாலையில் தீ வைத்தேன். 550 கிலோ விறகு எடை போட்டு அடுக்கியிருந்தேன். முந்தைய வாரம் நான்கு நாள் மழை. விறகின் மேல் தார்ப்பாய் போட்டிருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பக்கவாட்டில் சாரல் அடித்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆயிரம் டிகிரி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. 1,100க்கு மேல் மெதுவானது. 1,180இல் நின்றேவிட்டது. நெருப்பறைக்குள் பார்த்தால் தணல் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது, தணலைத் தாங்கும் கிரேட் கம்பியே தெரியவில்லை. நானோ தூக்கம் கெட்டு, கண் எரிந்து, விறகடுக்கு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தேன். தனியாகச் சூளை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். தீயை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, அந்த நேரத்தில் யாரையும் எழுப்பிக் கேட்கவும் மனம் வராது. அப்போதுதான் எப்போதோ ஒரு மூத்தவர் சொல்லிக் காதில் விழுந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது: தீ ஏறாமல் நின்றால் கொஞ்சம் தண்ணீர் விடு, தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் எரியும், சூடு சரசரவென்று ஏறும். கொல்லர் உலையில் கரிமேல் தண்ணீர் தெளிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நம்பும்படியாக இருந்தது. (அவர்கள் தெளிப்பது உலையின் ஓரத்தில், தீ பரவாமல் நடுவில் அடங்கி நிற்பதற்காக என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.)

அரை லிட்டர் குவளையில் தண்ணீர் எடுத்து, விறகு போடும் வாய் வழியாகத் தணல் மேல் வீசினேன். புஸ்ஸென்று ஒரு இரைச்சல். ஒரு நொடி எல்லாம் வெள்ளை. அடுத்த நொடி புகைபோக்கி உச்சியில் ஒரு முழ நீளத்துக்குத் தீ நாக்கு எட்டிப் பார்த்தது. பைரோமீட்டர் 1,180இலிருந்து 1,184 ஆனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. இந்த நான்கு டிகிரிதான் என்னை ஏமாற்றியது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன். இரண்டாவது குவளை, மூன்றாவது குவளை. ஒவ்வொரு முறையும் அதே இரைச்சல், அதே தீ நாக்கு. எட்டு குவளை போட்ட பிறகு மீட்டரைப் பார்த்தால் 1,161. ஏறியதெல்லாம் இறங்கி, அதற்கும் கீழே போயிருந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ‘தண்ணீர் போதவில்லை போல’ என்றுதான் என் மூளை யோசித்தது. ஐந்து லிட்டர் வாளியை அப்படியே கவிழ்த்தேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். 1,200 டிகிரியில் அதுவே 6,700 லிட்டர். நான் ஊற்றியது ஐந்து லிட்டர், என் சூளையின் கொள்ளளவோ ஆயிரம் லிட்டர். அத்தனை நீராவியும் புகைபோக்கி வழியாகவே போக முடியாது. திறந்திருந்த வாய் வழியாக, சாம்பலையும் கங்குகளையும் வாரிக்கொண்டு என் பக்கம்தான் வந்தது. முகத்தைத் திருப்பிவிட்டேன், கை தப்பவில்லை. பருத்திக் கையுறை போட்டிருந்தேன். அது வறண்ட சூட்டைக் கொஞ்சம் தாங்கும், நீராவியைத் தாங்காது. ஆவி துணிக்குள் புகுந்து தோல்மேல் படிந்து நீராக மாறும்போது, ஆவியாவதற்குத் தான் வாங்கிய வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும். கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் இருபது நிமிடம் கையைப் பிடித்தேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். தீப்புண்ணுக்கு ஓடும் குளிர்ந்த தண்ணீர்தான் முதல் மருந்து. ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மாவு வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

திரும்பி வந்தபோது நெருப்பறை கறுத்துக் கிடந்தது. மீட்டர் 1,065. பதற்றத்தில் கை நிறைய விறகை அள்ளிப் போட்டு வாயை மூடினேன். அது எரியவில்லை, வெள்ளையாகப் புகைந்தது. ஒரு நிமிடம் கழித்து என்ன ஆயிற்று என்று திறந்தேன். ‘தப்’ என்று ஒரு சத்தம், வாயிலிருந்து தீ ஒரு பந்தாக வெளியே வந்து உள்ளே போனது. நல்லவேளை, பக்கவாட்டில் நின்றிருந்தேன். உள்ளே எரியாமல் தேங்கியிருந்த வாயுக்கள், நான் திறந்ததும் காற்றைக் கண்டு ஒரே மூச்சில் பற்றியிருக்கின்றன. தண்ணீர் பட்ட தணலிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூடிய கொட்டகைக்குள் அது ஆளையே சாய்த்துவிடும். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்தக் காரணத்தாலாவது நெருப்பறை கறுத்துப் புகைந்தால், வாயை நேர் எதிரில் நின்று திறக்காதீர்கள். புகைபோக்கியின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரை முதலில் நன்றாகத் திறந்து, புகை இழுபடட்டும் என்று காத்திருந்து, பக்கத்தில் நின்று ஒரு விரல் இடைவெளி மட்டும் திறந்து, தீச்சுடர் தெரிந்த பிறகே முழுதாகத் திறங்கள்.

அதன் பிறகு ஐந்து மணி நேரம். கம்பியால் தணலைக் கிளறி, பாதியை வெளியே வாரி, கிரேட்டைத் திறந்தேன். மழையில் நனைந்த அடுக்கை விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் இருந்த பழைய மெல்லிய பலகைத் துண்டுகளைப் போட்டேன். ஏறியது. 1,100, 1,180, 1,210. மூன்று மணி நேரமாக நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. ஏன் தாண்டியது என்று அப்போது யோசிக்கும் நிலையில் இல்லை. 1,235 தொட்டபோது பலகை தீர்ந்தது. காலை எட்டரை மணி. மூடிவிட்டு, அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் திறந்தேன். நெருப்பறையை ஒட்டிய முன்வரிசை ஷெல்ஃப் குறுக்கே விரிசல் விட்டிருந்தது, கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு. தண்ணீர் நேராகத் தெறித்த இடம் அது. அதன் மேலிருந்த குடங்களில் ஒன்றைக் கையில் எடுத்தேன். கழுத்துக்குக் கீழே கிளேஸ் அழகாக உருகி, பச்சையும் பழுப்புமாக வழிந்திருந்தது. தீயைப் பார்த்த பக்கத்தைத் திருப்பினால் சாம்பலும் கரித்துகளும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தன. நீராவி வாரி இறைத்த கங்குப்பொடி, பாகுபோல் இருந்த கிளேஸில் ஒட்டி, அப்படியே இறுகிவிட்டது. விரலால் தடவினால் உப்புத்தாள் போல. தேய்த்துப் பார்த்தேன், கரி உதிர்ந்தது, அடியில் பள்ளம் பள்ளமாக இருந்தது. 140இல் 57 முழு நஷ்டம். 52 தேறின. 31ஐ மறுமுறை சுடலாம் என்று ஒதுக்கினேன்.

கை ஆறும்வரை வனைய முடியாது. அந்த மூன்று வாரமும் இதைத்தான் படித்தேன். பள்ளியில் படித்த வேதியியலை மறுபடி எடுத்து, தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கேள்வி: தண்ணீர் எரியுமா? எரியாது. ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல்தான் தண்ணீர். சூளைச் சூட்டில் அது தானாகப் பிரியுமா என்றால், 1,200 டிகிரியில் ஆயிரம் மூலக்கூறுக்கு ஒன்று கூடப் பிரியாது. ஆனால் சிவந்த கரி பக்கத்தில் இருந்தால் கதை வேறு. ஏறக்குறைய 700 டிகிரிக்கு மேல், கார்பன் நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளிவரும், இரண்டும் நன்றாக எரியும். ‘தண்ணீர் எரிகிறது’ என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். பொய்யில்லை, பாதி உண்மை.

மீதிப் பாதியை எண்களில் பார்த்தால்தான் புரியும். 12 கிராம் கார்பன் இப்படி நீராவியுடன் வினைபுரிய, தணலிலிருந்து 131 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த ஹைட்ரஜன் எரிந்து 242 கிலோஜூலும், கார்பன் மோனாக்சைடு எரிந்து 283 கிலோஜூலும் தரும். மொத்தம் 525. இதை மட்டும் பார்த்தால் லாபம்தான், ஏனென்றால் அதே 12 கிராம் கார்பன் தண்ணீரே இல்லாமல் காற்றில் எரிந்தால் 394தான் கிடைக்கும். ஆனால் முதலில் எடுத்த 131ஐ 525இலிருந்து கழியுங்கள். 394. ஒரு புள்ளி கூடக் கூடவில்லை. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், இடையில் எந்த வழியாகப் போனாலும் வெப்பக் கணக்கு மாறாது என்று ஜெர்மைன் ஹெஸ் 1840இல் சொன்ன விதி இது. இந்தக் கழித்தலைத் தாளில் போட்டு முடித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு தாள், மூன்று எண்கள். சூளை வைப்பதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து இதைப் போட்டிருந்தால் போதும்.

தண்ணீர் வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. தணலிடம் கடன் வாங்கி, தள்ளிப்போய், உள்ளறையிலோ புகைபோக்கியிலோ திருப்பிக் கொடுக்கிறது. அந்த நான்கு டிகிரி இதுதான். மீட்டருக்காகச் சூட்டை உணரும் முனையான என் தெர்மோகப்பிள் இருந்தது உள்ளறையின் மேல் பாகத்தில். தணல் குளிர்ந்துகொண்டிருந்தது, அதன் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போன வாயு மீட்டரின் மூக்குக்குப் பக்கத்தில் எரிந்தது. மீட்டர் ஏறியதைக் கண்டேன், தணல் இருண்டதைக் காணவில்லை. புகைபோக்கி உச்சியில் பார்த்த தீ நாக்கு அதைவிட மோசம். பானைக்குப் போக வேண்டிய சூடு வானத்துக்குப் போனதன் அடையாளம் அது, நானோ அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டேன்.

இதுவரை சொன்னது அசலும் கடனும். வட்டி தனி. நான் ஊற்றியது ஆவி இல்லை, குளிர்ந்த தண்ணீர். ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 290 கிலோஜூல். ஆவியாக்க 2,257. அந்த ஆவியை 1,200 டிகிரிக்குச் சூடாக்க இன்னும் சுமார் 2,500. ஆக லிட்டருக்கு ஏறக்குறைய 5,000 கிலோஜூல், ஆவி புகைபோக்கி வழியாகப் போகும்போது இதையும் கொண்டுபோய்விடும். ஒன்பது லிட்டருக்கு 45,000. காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 15,000 கிலோஜூல் தரும். அப்படியென்றால் மூன்று கிலோ விறகு! இந்த இடத்தில் குழம்பிப்போனேன். மூன்று கிலோ விறகுக்கு உரிய சூட்டை இழந்ததற்கா ஐந்து மணி நேரம் போராடினேன்?

இரண்டு நாள் கழித்துத்தான் விடை கிடைத்தது, என்னைப் பொறுத்தவரை இந்த அனுபவத்தில் கற்ற பெரிய பாடம் இதுதான். சூளை 1,180இல் இருக்கும்போது, விறகின் வெப்பம் முழுவதும் நமக்குக் கிடைக்காது. எரிந்த வாயு எப்படியும் 1,180க்கு மேல் சூடாகத்தான் வெளியே போகும். தீயின் வெப்பநிலைக்கும் சூளையின் வெப்பநிலைக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டுமே நம் வருமானம். காய்ந்த விறகும் சரியான காற்றும் இருந்தால் தீ 1,700 டிகிரி அளவுக்குப் போகும், இடைவெளி தாராளம். ஈர விறகும், தணல் அடைத்த கிரேட்டும், மேல்வாய் வழியாக வரும் வேண்டாத குளிர்காற்றும் சேர்ந்து அது 1,450க்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 270 டிகிரிதான், கிலோவுக்கு 2,500 கிலோஜூல் கையில் நின்றால் பெரிது. அதையும் சூளைச் சுவர் வழியாகக் கசியும் வெப்பம் தின்றுவிடும். மீட்டர் மூன்று மணி நேரம் ஒரே எண்ணில் நின்றதற்கு அர்த்தம், வரவும் செலவும் சரிக்குச் சரியாகிவிட்டது என்பதுதான். அந்த நிலையில் புதிதாக ஒரு செலவு வந்தால் எதிலிருந்து கொடுப்பது? செங்கல்லிலும் பானையிலும் பதினெட்டு மணி நேரமாகச் சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்துதான். தணலும் நெருப்பறைச் செங்கல்லின் முகப்பும் முதலில் காலியாயின. அவை இருண்டதும் புது விறகு பற்றவில்லை. பற்றாததால் வரவும் நின்றது, கசிவு மட்டும் நிற்கவில்லை.

நிலக்கரி வாயுத் தொழிற்சாலைகள் இதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தன. அமெரிக்காவில் தாடியஸ் லோ 1870களில் வளர்த்தெடுத்த நீர்வாயு முறையில், கோக் (நிலக்கரியைச் சுட்டெடுத்த கரி) படுகையைக் காற்று ஊதி வெண்சூடாக்குவார்கள். பிறகு காற்றை நிறுத்தி நீராவி விடுவார்கள், எரிவாயு வரும். சில நிமிடங்களிலேயே படுகை ஆறிவிடும், வாயுவின் தரம் குறையும். உடனே நீராவியை நிறுத்தி மறுபடி காற்று. நாள் முழுக்க இப்படி மாற்றி மாற்றித்தான் ஓட்ட வேண்டும். நீராவி தீயை வளர்க்குமென்றால் எதற்கு நிறுத்துகிறார்கள்? இந்த ஒன்றைப் படித்திருந்தால் வாளியைத் தொட்டிருக்க மாட்டேன்.

சரி, அப்படியானால் உண்மையான கோளாறு எது? மிச்சம் கிடந்த விறகில் சரியாக 1,000 கிராம் வரும்படி துண்டுகள் வெட்டி, ஓவனில் 105 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்தேன். 740 கிராம். அதாவது 26 சதவீதம் ஈரம். நன்றாகக் காய்ந்த விறகில் 15 சதவீதம் இருக்கும். 1,180இல் நிற்பதற்குள் நான் எரித்தது 400 கிலோ. 11 சதவீத வித்தியாசம் என்றால் 44 லிட்டர். வாளியை எடுப்பதற்கு முன்பே, எனக்கே தெரியாமல், காலையிலிருந்து 44 லிட்டர் கூடுதல் தண்ணீரைத் தீயில் ஊற்றியிருக்கிறேன். தண்ணீரால் நின்ற சூளைக்குத் தண்ணீரையே மருந்தாகக் கொடுத்தேன். பழைய பலகை போட்டதும் ஏன் 1,180ஐத் தாண்டியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆகவே, சூளை வைப்பதற்கு ஒரு வாரம் முன்பு விறகடுக்கின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் சில துண்டுகளை எடுத்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கடைசி நூறு டிகிரிக்கு என்று, இருப்பதிலேயே மெல்லிய, நன்றாகக் காய்ந்த விறகைத் தனியாக வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஈர விறகு பெரிதாகக் கெடுக்காது, அப்போது இடைவெளி தாராளமாக இருக்கும். உச்சியில்தான் ஒவ்வொரு சொட்டும் வலிக்கும்.

சூடு நின்றால் இப்போது நான் செய்யும் வரிசை இது. முதலில் தணல். கிரேட்டுக்கு மேல் ஒரு சாணுக்கு அதிகமாக ஏறினால் கிளறிவிடுவேன், அடியில் காற்றை அதிகம் விட்டுத் தணலை எரித்துத் தீர்ப்பேன், அப்படியும் குறையவில்லை என்றால் வாரி இரும்புத் தொட்டியில் போடுவேன். அப்புறம் டேம்பர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு விரல் அளவு மாற்றி, பதினைந்து நிமிடம் காத்திருந்து மீட்டரை எழுதி வைப்பேன். களைப்பில் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்து விறகு போடும் முறை. கை நிறைய ஒருமுறை போடுவதைவிட, மெல்லியதாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுவது நல்லது, வாயைத் திறந்தவுடன் மூடிவிட வேண்டும். புகைபோக்கியில் விடாமல் தீ தெரிந்தால் உள்ளே காற்று போதவில்லை. தீயே தெரியாமல், புகையும் இல்லாமல், சூடும் இறங்கினால் காற்று அதிகம். இத்தனையும் பார்த்து ஒரு மணி நேரத்தில் அசையவில்லை என்றால், அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைத்து மூடிவிடுவது மேல். குறைவாக வெந்ததை மறுபடி சுடலாம். கரி அப்பிய கிளேஸை எதுவும் செய்ய முடியாது.

தண்ணீருக்குச் சூளையில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. சாம்பல் குழியில், கிரேட்டுக்குக் கீழே, ஒரு தட்டில் தண்ணீர் வைப்பது பழைய வழக்கம். அது மெதுவாக ஆவியாகி மேலே வரும்போது கம்பிகள் வளையாமல் குளிரும், சாம்பல் உருகிக் கட்டியாகிக் காற்றை அடைப்பது குறையும், தணல் படுகையும் சற்று அடங்கும். காற்றுப்பாதை திறந்து சூடு ஏறினால் அது காற்றால் வந்த லாபம். கெட்டியான எண்ணெய் எரிக்கும் பர்னர்களில் எண்ணெயுடன் மிகக் கொஞ்சம் தண்ணீர் கலப்பதும் உண்டு. தண்ணீர் முந்திக்கொண்டு ஆவியாகி எண்ணெய்த் துளியைச் சிதறடிக்கும், கரிப்புகை குறைந்து எண்ணெய் முழுதாக எரியும். அங்கேயும் வெப்பம் எண்ணெயினுடையதுதான். ஆனால் தேங்கி எரியும் எண்ணெயில் மட்டும் ஒரு குவளை கூட ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அங்கே ஆவியாகி, எரியும் எண்ணெயையே மேலே தூக்கி வீசிவிடும். அதன் முன்னால் என் மணிக்கட்டுக் காயம் ஒன்றுமே இல்லை.

கை ஆறியதும், அந்தப் பேச்சை எனக்குச் சொன்ன மூத்தவரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, “அண்ணா, தண்ணி விட்டா தீ ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டேன். என் கையைப் பிடித்துத் தழும்பைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. “ஏம்மா, நான் சொன்னது சாம்பல் குழியில வைக்கிற தண்ணி. அதும் கம்பி அடைச்சுக்கிட்டா மட்டும்தான். தணல் மேல ஊத்துனா அணையத்தானே செய்யும்?” என்றார். பிறகு, “ராத்திரி எத்தனை மணியா இருந்தா என்ன, போன் அடிச்சிருக்கலாம்ல” என்றார்.

ஏழாவது சூளைக்கு அவரே வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார். விறகு ஈரம் 14 சதவீதம். 1,190இல் மறுபடி நின்றது. தணலைக் கிளறி, மூன்று தட்டு வாரி வெளியே போட்டோம். நாற்பது நிமிடம் கழித்து நகர ஆரம்பித்தது. அதிகாலை 4 மணி 10 நிமிடத்துக்குப் பத்தாம் நம்பர் கோன் தலை சாய்ந்தது. ஒதுக்கி வைத்திருந்த 31இல் 19 நன்றாக வந்தன.